கைக்கு 50 தோட்டா: ஆன்லைன் மரணப்போட்டிப் படங்கள் இயங்கும் விதம்

'கன்ஸ் அகிம்போ' (2019) படத்தில் மைல்ஸ் என்ற புரோகிராமர் கண்விழிக்கும்போது அவனுடைய இரண்டு கைகளிலும் துப்பாக்கிகள் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 50 தோட்டாக்கள். 24 மணி நேரத்துக்குள் நிக்ஸ் என்பவளை அவன் கொல்ல வேண்டும், அல்லது அவள் கையால் சாக வேண்டும். எதுவானாலும் 'ஸ்கிஸம்' என்ற தளத்தில் உலகமே நேரலையில் பார்க்கும். டேனியல் ராட்கிளிஃப் மைல்ஸாகவும் சமாரா வீவிங் நிக்ஸாகவும் நடித்த இந்தப் படத்தை எழுதி இயக்கியவர் நியூசிலாந்துக்காரரான ஜேசன் லை ஹவ்டன். அதற்கு முன் வேட்டா டிஜிட்டல் நிறுவனத்தில் விஷுவல் எஃபெக்ட்ஸ் வேலை பார்த்தவர்.

மைல்ஸுக்கு முதல் எதிரி நிக்ஸ் அல்ல, கால்சட்டைதான். விரல்கள் எதையும் பிடிக்காது. கதவுக் குமிழைத் திருப்ப முடியாது. செல்போனைத் தொட முடியாது. கழிப்பறைக்குப் போவதே உயிராபத்து. உதவி கேட்டுப் போலீஸிடம் ஓடினால், இரண்டு கையிலும் துப்பாக்கியோடு ஒருவன் தங்களை நோக்கி ஓடிவருவதாகத்தான் அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் டிரெஸிங் கவுனும் விலங்குப் பாதம் போன்ற பஞ்சுச் செருப்புமாக அவன் தெருவில் ஓடுகிறான். இதில் எந்த நகைச்சுவையும் வசனகர்த்தா தனியாக உட்கார்ந்து யோசித்து எழுதியதல்ல. கையில் போல்ட் என்ற ஒரே விதியை வைத்துவிட்டால் மற்றவை தாமாக வந்து விழுகின்றன.

இந்த வகைப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள்: நியான் நிறங்கள், திரையோரத்தில் ஓடும் ஸ்கோர், சுழலும் கேமரா. அதெல்லாம் எடிட்டிங் மேசையில் ஒட்டிக்கொள்ளக்கூடிய சரக்கு. வீடியோ கேமிலிருந்து சினிமா எடுத்துக்கொள்ளத் தகுந்த விஷயம் வேறு: எண்ணக்கூடிய ஒரு தட்டுப்பாடு. தோட்டா, நிமிடம், உயிர், மதிப்பெண், பார்வையாளர் எண்ணிக்கை என்று எதுவாகவும் அது இருக்கலாம். படம் அந்தக் கணக்கைக் கடைசிவரை நேர்மையாக வைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம்.

இந்தக் கணக்கு இணையத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஷெக்லி 1953-இல் எழுதிய ஒரு சிறுகதையில் சட்டபூர்வமான மனித வேட்டை வருகிறது. அதை வைத்து இத்தாலிய இயக்குநர் எலியோ பெட்ரி 1965-இல் 'பத்தாவது பலி' என்ற படத்தை எடுத்தார். அதன் விதிகள் இன்றைக்கும் பாடமாக வைக்கத்தக்கவை. ஜெனீவாவில் உள்ள கணினி வேட்டைக்காரரையும் பலியாளையும் ஜோடி சேர்க்கும். வேட்டைக்காரருக்குப் பலி யாரென்று தெரியும், பலிக்கு வேட்டைக்காரர் யாரென்று தெரியாது. ஐந்து முறை வேட்டைக்காரராகவும் ஐந்து முறை பலியாகவும் இருந்து பிழைத்தால் பரிசு. வேட்டைக்காரியாக வரும் உர்சுலா ஆண்ட்ரெஸின் பாத்திரத்துக்கு ஒரு தேயிலை நிறுவனம் ஸ்பான்சர். கடைசிக் கொலை விளம்பரப் படத்துக்கு ஏற்ற இடத்தில், ஏற்ற வெளிச்சத்தில் நடக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. கொல்வதற்கு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தும் கேமரா தயாராகவில்லை என்று அவள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. யூடியூப் பிறப்பதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பான்சர் வீடியோவின் இலக்கணம் அங்கே எழுதப்பட்டுவிட்டது.

அதே ஷெக்லியின் இன்னொரு கதையிலிருந்து மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சி 1970-இல் 'டாஸ் மில்லியோனென்ஷ்பீல்' என்ற படத்தைத் தயாரித்தது. ஏழு நாள் கொலைகாரக் கும்பலிடமிருந்து தப்பினால் பத்து லட்சம் மார்க். படம் நிஜமான நேரலை நிகழ்ச்சியின் வடிவத்திலேயே ஒளிபரப்பானது. தொகுப்பாளராக நடித்தவர் டீட்டர் தோமஸ் ஹெக், நிஜ வாழ்விலும் புகழ்பெற்ற நிகழ்ச்சித் தொகுப்பாளர். விளைவு: இதை உண்மை என்று நம்பியவர்கள் இருந்தார்கள், போட்டியில் சேர விண்ணப்பித்தவர்களும் இருந்தார்கள். 1987-இல் வந்த 'தி ரன்னிங் மேன்' படத்தில் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கருக்கு எதிரே நின்ற தொகுப்பாளர் பாத்திரத்துக்கும் ரிச்சர்ட் டாசன் என்ற அசல் கேம் ஷோ தொகுப்பாளரையே பிடித்தார்கள். சிரித்துக்கொண்டே ஆளைக் கூண்டுக்குள் தள்ளும் அந்தக் குரலை நடிகர் ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பதைவிட, அதே தொழிலைச் செய்துவந்தவரைக் கூப்பிடுவது சுலபம் என்று இரண்டு தயாரிப்புகளும் கண்டுகொண்டன.

சினிமாவும் கேமும் ஒன்றிடமிருந்து ஒன்று திருடுவது 1975-இலேயே தொடங்குகிறது. ரோஜர் கார்மன் தயாரித்த 'டெத் ரேஸ் 2000' படத்தில் பாதசாரிகளை இடித்தால் மதிப்பெண். சிறார்களுக்கு ஒரு விலை, 75 வயதைத் தாண்டியவர்களுக்கு உச்சமாக 100. மறு ஆண்டே எக்ஸிடி நிறுவனம் 'டெத் ரேஸ்' என்ற, காசு போட்டு விளையாடும் ஆர்கேட் எந்திரத்தை இறக்கியது. குச்சி உருவங்களைக் கார் ஏற்றிக் கொல்லும் அந்த விளையாட்டுதான் அமெரிக்காவில் வீடியோ கேம் வன்முறை பற்றிய முதல் பெரிய கூச்சலைக் கிளப்பியது. இதைவிடப் பெரிய சுற்று ஜப்பானில் ஆரம்பித்தது. கொஷுன் டகாமியின் 1999 நாவலை வைத்து கிஞ்சி ஃபுகாசகு 2000-இல் எடுத்த 'பேட்டில் ராயல்' படத்தில் ஒரு வகுப்பு மாணவர்கள் தீவில் விடப்படுகிறார்கள், கழுத்தில் வெடிக்கும் பட்டை, கெடு மூன்று நாள். தீவின் பகுதிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டுக்கொண்டே வரும், அங்கே நின்றால் பட்டை வெடிக்கும். ஒளிந்து உட்கார்ந்திருப்பவர்களை வெளியே துரத்துவதற்காகக் கதாசிரியர் செய்த ஏற்பாடு இது. கேம் வடிவமைப்பாளர் பிரெண்டன் கிரீன் அந்தப் படத்தின் தாக்கத்தில் முதலில் 'மாட்'களாக, அதாவது ஏற்கெனவே உள்ள கேம்களில் செய்யும் மாற்றங்களாக, செய்து பார்த்து, 2017-இல் பப்ஜியாகக் கொண்டுவந்தபோது அந்த ஏற்பாடு சுருங்கும் வட்டமாக மாறியது. 100 பேர் இறங்கி ஒருவர் மிஞ்சும் அந்த விளையாட்டைத் தமிழ்நாட்டில் விளையாடாத தெரு இல்லை. இன்று ஒரு திரைக்கதையில் 'வட்டம் சுருங்குகிறது' என்று ஒரு வரி போதும், விளக்கம் வேண்டாம்.

இணையம் வந்தபோது மாறியது என்ன? பழைய படங்களில் போட்டியை நடத்துவது அரசு அல்லது ஒரே ஒரு தொலைக்காட்சி நிறுவனம். பார்ப்பவர் வெறுமனே பார்ப்பார், கைதட்டுவார். 2007-இன் 'தி கண்டெம்ன்ட்' படத்தில் பத்து மரணதண்டனைக் கைதிகளின் கணுக்காலில் வெடிகுண்டைக் கட்டித் தீவில் இறக்கி, 30 மணி நேரக் கெடு கொடுத்து இணையத்தில் கட்டணத்துக்குக் காட்டுகிறார்கள். ஆனாலும் அது மனத்தளவில் பழைய தொலைக்காட்சிப் படம்தான். 2008-இன் 'டெத் ரேஸ்' மறு உருவாக்கம் ஒரு படி மேலே போய், பந்தயப் பாதையில் வாள், கேடயம், மண்டையோடு பொறித்த தகடுகளைப் பதித்தது. வாள் தகட்டின் மேல் கார் ஏறினால்தான் துப்பாக்கி வேலை செய்யும், கேடயத்தின் மேல் ஏறினால்தான் தற்காப்பு எந்திரங்கள் இயங்கும். கேமில் 'பவர்-அப்' எப்படி இருக்குமோ அப்படியே. இந்த ஒரு யோசனையால் அதன் துரத்தல் காட்சிகள் தெளிவாகின்றன: யார் எதை நோக்கி ஓட்டுகிறார்கள், ஏன் திடீரென்று தடம் மாறுகிறார்கள் என்பது வசனமில்லாமலே புரிகிறது.

மார்க் நெவல்டைனும் பிரையன் டெய்லரும் 2009-இல் எடுத்த 'கேமர்' இன்னும் நெருக்கமாகப் போனது. கைதிகளின் மூளையில் நுண்ணிய கருவிகளைச் செலுத்தி, வீட்டிலிருக்கும் விளையாட்டுக்காரர்கள் அவர்களை நகர்த்துவார்கள். 30 சண்டை பிழைத்தால் விடுதலை. நாயகன் ஏற்கெனவே 27-ஐ முடித்தவன், அவனை இயக்குவது 17 வயதுப் பையன். அதில் மெச்சத்தக்கது 'பிங்' என்ற சங்கதி: பையன் கொடுக்கும் கட்டளைக்கும் நாயகன் உடல் அசைவதற்கும் நடுவே உள்ள நொடிப்பொழுதுத் தாமதம். ஆன்லைனில் விளையாடும் யாருக்கும் அந்த எரிச்சல் தெரியும். படத்தில் அது உயிர் போகும் இடைவெளி. கேமின் குறைபாட்டையே கதையின் திருப்பமாக்கிய படங்கள் மிகச் சில.

இனி விதி எழுதும் வேலைக்கு வருவோம். பெரும்பாலான படங்கள் சரிவது இங்கேதான்.

விதிகள் மூன்றைத் தாண்டினால் பார்ப்பவர் மனதில் நிற்பதில்லை. பார்வையாளர்கள் கொடுக்கும் சவால்களைப் பணத்துக்காகச் செய்யவைக்கும் ஒரு போன் செயலியைப் பற்றி 2016-இல் வந்த 'நெர்வ்' சரியாக இந்த அளவைக் கடைப்பிடிக்கிறது. விளையாடுகிறவர் சவாலைத் தன் போனிலேயே படம்பிடிக்க வேண்டும். தோற்றாலோ பின்வாங்கினாலோ ஆட்டம் முடிந்தது, சேர்ந்த பணம் போய்விடும். போலீஸிடம் சொன்னால் தண்டனை. தொடக்கத்திலேயே மூன்றையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். சவால்களின் ஏணியும் கவனமாகக் கட்டப்பட்டது. முன்பின் தெரியாத ஒருவரை ஐந்து வினாடி முத்தமிட 100 டாலர் என்று ஆரம்பம். பிறகு விலையுயர்ந்த கடையில் ஓர் உடையைப் போட்டுப்பார்க்கச் சொல்கிறது. அதன்பின் கண்ணைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை மணிக்கு 60 மைல் வரை ஓட்டுவது. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கொஞ்சம்தான் உயரம், அதனால் எந்தப் படியில் இறங்கியிருக்க வேண்டும் என்று நாயகியாலும் சொல்ல முடியாது, நம்மாலும் சொல்ல முடியாது. முதல் சவாலே கொலையாக இருந்திருந்தால் படம் 15-ஆவது நிமிடத்தில் முடிந்திருக்கும்.

விதியைச் சொல்வதைவிட அதன் விலையைக் காட்டுவதுதான் முக்கியம். 'பேட்டில் ராயல்' படத்தில் கழுத்துப் பட்டை வெடிக்கும் என்று ஆசிரியர் விளக்கினால் மட்டும் யாரும் நம்பமாட்டார்கள், அதனால்தான் வகுப்பறையிலேயே ஒன்று வெடிக்கிறது. இந்த முன்மாதிரிச் சாவு இல்லாத படத்தில் கடைசிவரை ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருக்கும்: இந்த மிரட்டல் நிஜம்தானா? இரண்டு முன்மாதிரிச் சாவு வைத்தால் வேறு பிரச்சினை, மூன்றாவது சாவுக்கு அதிர்ச்சி கிடையாது.

தோட்டாக் கணக்கு இன்னும் நுட்பமான தலைவலி. சாதாரண ஆக்‌ஷன் படத்தில் 17 தோட்டா கொள்ளும் கைத்துப்பாக்கியிலிருந்து 40 முறை சுடுவார்கள், யாரும் எண்ணுவதில்லை. ஆனால் மீதித் தோட்டாவைத் திரையில் எண்ணாகக் காட்டிவிட்டால், பார்ப்பவரும் எண்ணத் தொடங்கிவிடுவார். வினாடிக்கு நான்கு என்ற வேகத்தில் சுட்டாலும் 50 தோட்டா 13 வினாடிக்குள் தீர்ந்துவிடும். இரண்டு கைக்கும் சேர்த்து அரை நிமிடம்கூட இல்லை. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு இது போதாது. ஆகவே திரைக்கதையிலேயே ஒவ்வொரு சண்டைக்கும் தோட்டா பட்ஜெட் போட வேண்டும்: முதல் பதற்றத்தில் வீணாகும் 15, கதவுப் பூட்டை உடைக்க 3, பெரிய சண்டைக்கு 40 என்று. ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் உடைத் தொடர்ச்சியைக் குறிப்பதுபோல இதையும் ஷாட் வாரியாகக் குறித்துக்கொள்வார். எடிட்டர் ஒரு ஷாட்டை நீட்டி மூன்று வெடிச்சத்தம் கூடுதலாகச் சேர்த்தாரானால் கணக்கு குலையும், ஆகவே ஒலிக்கலவைக்குப் போகும் முன் ஒருமுறை மொத்தமாக எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாம் பாதியில் நாயகனுக்கு எதிரியின் ஆயுதமோ புதுத் தோட்டாவோ தாராளமாகக் கிடைத்துவிட்டால் அந்த எண்ணுக்கு மரியாதை போய்விடும். இந்த வகையில் பல படங்களின் கடைசி 20 நிமிடம் சலிப்பதற்குக் காரணம் இதுவே. சத்தம் கூடுகிறது, கணக்கு காணாமல்போகிறது.

'உயிர்' என்ற எண்ணை வைத்து விளையாடும் படங்களுக்கு எதிர்மாறான பிரச்சினை. திரும்பப் பிறக்க முடியும் என்றால் சாவுக்கு அர்த்தம் ஏது? எட்கர் ரைட் 2010-இல் எடுத்த 'ஸ்காட் பில்கிரிம்' ஆன்லைன் போட்டிப் படம் அல்ல, ஆனால் இந்த இலக்கணம் முழுவதற்கும் அதுவே அரிச்சுவடி. தோற்ற எதிரி நாணயங்களாகச் சிதறுகிறான், நாயகன் ஓர் உபரி உயிரைச் சம்பாதிக்கிறான், கடைசிச் சண்டையில் செத்து அதைச் செலவழிக்கிறான். இரண்டாம் முறை அதே 'லெவலை' அவன் கடக்கும்போது காட்சிகள் பாதிக்கும் குறைவான நேரத்தில் பறக்கின்றன, முதல் முறை மன்னிப்புக் கேட்க மறந்தவர்களிடம் இம்முறை போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போகிறான். திரும்ப நடக்கும் எதுவும் சுருங்க வேண்டும், அத்தோடு ஒன்றாவது மாற வேண்டும். தமிழில் அஸ்வின் சரவணனின் 'கேம் ஓவர்' (2019) மூன்று உயிர்க் கணக்கை வைத்து ஓர் இரவைத் திருப்பித் திருப்பிக் காட்டியது. அது திகில் படம், சிரிப்புக்கு இடமில்லை. ஆனாலும் கணக்கை ஒழுங்காக வைத்திருந்தது.

கேமராவுக்கு வருவோம். கேமின் பார்வை நான்கு வகை: பாத்திரத்தின் கண்ணிலிருந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து, பக்கவாட்டில், தலைக்கு மேலிருந்து. சினிமாவுக்கு இவற்றில் மிகக் கடினம் முதலாவது.

இல்யா நைஷுல்லர் மாஸ்கோவில் எடுத்த 'ஹார்ட்கோர் ஹென்றி' (2015) முழுக்க முழுக்க நாயகனின் கண்வழியே நடக்கிறது. கோப்ரோ ஹீரோ 3 என்ற சிறிய கேமராவை முகமூடி போன்ற ஒரு சட்டத்தில் பொருத்தி, அதை மாட்டிக்கொண்டவர் ஓடினார், குதித்தார், அடிவாங்கினார். ஹென்றியாக 'நடித்தவர்' ஒருவரல்ல. ஸ்டன்ட் கலைஞர்கள், கேமராக்காரர்கள், இயக்குநர் உட்படப் பலர் மாறி மாறி மாட்டினார்கள். இதில் என்னென்ன கெடும்? கோப்ரோவின் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பது, ஆகவே வேகமாக அதிர்ந்தால் சட்டகம் ஜெல்லிபோல் நெளியும். லென்ஸ் நிலையான அகலக் கோணம். ஜூம் கிடையாது, குவியத்தை மாற்ற முடியாது, கவனத்தை ஒரு முகத்தின் மேல் நிறுத்துவதற்கு அந்த முகம் பக்கத்தில் வந்தே ஆக வேண்டும். அதனால்தான் எல்லோரும் ஹென்றியின் மூக்கை ஒட்டி நின்று பேசுகிறார்கள். விளக்குகளை எங்கும் ஒளித்துவைக்க முடியாது, ஏனென்றால் கேமரா எந்தப் பக்கமும் திரும்பும். வெட்டுகளை மறைக்க வழி இரண்டே: வேகமாகத் தலையைத் திருப்புவது, அல்லது எதையாவது லென்ஸை மறைக்கும்படி கடக்க வைப்பது.

எல்லாவற்றையும் சமாளித்தாலும் தலைசுற்றல் மிஞ்சும். கண்ணுக்கு நாம் ஓடுகிறோம், காதின் உள்ளிருக்கும் சமநிலை உறுப்புக்கு நாம் உட்கார்ந்திருக்கிறோம். கேம் விளையாடும்போது இது அவ்வளவாகத் தொல்லை தராததற்குக் காரணம், திருப்பப்போவது நம் கட்டைவிரல், அது எந்தப் பக்கம் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும். மலைப்பாதையில் ஓட்டுநருக்கு வராத வாந்தி பின் இருக்கைக்காரருக்கு வருவதும் இதே கணக்குதான். தியேட்டரில் எல்லோருமே பின் இருக்கைக்காரர்கள். ஹென்றி பேசாமலிருப்பது ஒரு நல்ல தீர்வு. அவனுக்குக் குரல் பொருத்துவதற்கு முன்பே ஆய்வகம் தாக்கப்படுகிறது, ஆகவே பல கேம்களின் ஊமை நாயகர்களைப்போல அவனும் ஊமை. பேச்சு முழுவதையும் ஷார்ல்டோ காப்லி ஏற்றுக்கொள்கிறார்: ஒரே மனிதன் வெவ்வேறு உடலில், வெவ்வேறு உடையில் திரும்பத் திரும்ப வந்து 'அடுத்து அங்கே போ' என்கிறான். கேம்களில் வேலை கொடுக்கும் பாத்திரத்தின் இத்தனை வேடிக்கையான நகல் வேறெங்கும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் வரும் பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் ஸ்டெடிகேமுக்கும் (ஆள் உடலில் மாட்டிக்கொண்டு நடந்தாலும் ஆடாத கேமரா) கேமரா ஓடும் தண்டவாளத்துக்கும் பழகியவை. தலைக்கு மேலிருந்து பார்ப்பதற்குத்தான் கூரையில்லாத செட் வேண்டும். 'ஜான் விக் 4' (2023) படத்தில் அறை அறையாக மேலிருந்து தொடரும் நீண்ட சண்டைக்கு 'தி ஹாங்காங் மசாக்கர்' என்ற சிறு கேம்தான் தூண்டுதல் என்று இயக்குநர் சாட் ஸ்டஹெல்ஸ்கி சொல்லியிருக்கிறார். மேலிருந்து பார்த்தால் முகம் தெரியாது, அடியின் வலி தெரியாது. அதை ஈடுகட்டத்தான் அங்கே தீயைக் கக்கும் தோட்டாக்கள். யார் எந்தப் பக்கம் சுட்டார் என்பது கோடு கிழித்ததுபோல் தெரிகிறது.

திரையில் எண்களை ஒட்டுவது மலிவு என்றேன், ஆனால் ஒழுங்காக ஒட்டுவது அவ்வளவு மலிவல்ல. வினாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் ஓர் எண்ணைப் படிக்கக் குறைந்தது 12 பிரேமாவது வேண்டும், சண்டை நடந்துகொண்டிருந்தால் இரட்டிப்பு. கண் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு அருகில் எண்ணை வைக்க வேண்டும். கேம் ஆடுகிறவர் மூலையிலுள்ள எண்ணைத் தேடிப் பார்ப்பார், ஏனென்றால் அது அவர் உயிர். படம் பார்ப்பவர் நடிகரின் கண்ணையே பார்ப்பார். நேரலை அரட்டைக்கும் இதே விதி: 20 வரி ஓடவிட்டால் அது வெறும் அலங்காரம். ஒரே ஒரு வரியை நிறுத்திக் காட்டினால் அது வசனம்.

துப்பாக்கி வெடிப்பின் நெருப்பு பற்றி ஒரு சொல். 180 டிகிரி ஷட்டரில் ஒவ்வொரு பிரேமிலும் ஒரு வினாடியின் 48-இல் ஒரு பங்கு நேரம்தான் ஒளி பதிவாகிறது, மீதிப் பாதி நேரம் கேமரா கண்ணை மூடியிருக்கிறது. வெற்றுத் தோட்டாவின் (குண்டில்லாமல் மருந்து மட்டும் உள்ளது) தீப்பொறி அந்த மூடிய பாதியில் விழுந்தால் படத்தில் ஒன்றுமே இருக்காது. ஆகவே வெற்றுத் தோட்டா பயன்படுத்திய காலத்திலேயே ஓரிரு பிரேம் நெருப்பைக் கணினியில் சேர்ப்பது வழக்கம்தான். 2021 அக்டோபரில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்த பிறகு பல தயாரிப்புகள் காற்றழுத்தப் பொம்மைத் துப்பாக்கிக்கு மாறின. அப்போது உதைப்பு குறையும், நடிகர் மணிக்கட்டால் நடிக்க வேண்டும். நெருப்பைச் சேர்த்தால் மட்டும் போதாது. அது அடிக்கும் சுவரிலும் கன்னத்திலும் ஒரு பிரேம் வெளிச்சம் ஏற வேண்டும், இல்லையென்றால் ஒட்டுவேலை என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

சாவைப் பார்த்து எப்படிச் சிரிக்கவைப்பது? இந்தக் கேள்விக்கு இந்தப் படங்கள் கொடுக்கும் வழக்கமான பதில், சாகிறவர்களுக்குப் பெயர் வைக்காதே என்பதுதான். முகமூடிக்காரர்கள், பச்சை குத்திய அடியாட்கள், ஒரு வரிகூடப் பேசாதவர்கள். இது வேலை செய்யும், ஆனால் 'கன்ஸ் அகிம்போ' போன்ற படத்தில் ஒரு முரணை உண்டாக்குகிறது. ஸ்கிஸம் தளத்தின் ரசிகர்கள் சாவைப் பார்த்துக் கூச்சலிடுவதை அருவருப்பாகக் காட்டிவிட்டு, அடுத்த ஷாட்டில் அதே சாவை மெதுவான வேகத்தில் இசையோடு நமக்குப் பரிமாறினால் யாரை யார் கேலி செய்கிறார்கள்? மைல்ஸ் மாட்டிக்கொள்வதே அந்தத் தளத்தின் அரட்டையில் மற்றவர்களைச் சீண்டப்போய்த்தான். அவனும் விசைப்பலகை வீரன். அந்தச் சரடை முதல் அரை மணி நேரத்தோடு படம் கைவிட்டுவிடுகிறது. பிறகு அவன் சுடக் கற்றுக்கொள்வதுதான் கதை. வேடிக்கையான படம், ஆனால் கையிலிருந்த கூர்மையான விஷயத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறது.

'நெர்வ்' அதைக் கீழே போடவில்லை. கடைசிப் போட்டியில் ஒருவர் கையில் துப்பாக்கி, சுடலாமா என்று பார்வையாளர்கள் பெயர் தெரியாத கணக்குகளிலிருந்து வாக்களிக்கிறார்கள். அந்த நேரத்தில் நாயகியின் நண்பர்கள் செயலியின் நிரலை மாற்ற, ஒவ்வொருவருடைய போனிலும் அவரவர் அசல் பெயர் தோன்றுகிறது, 'நீ கொலைக்கு உடந்தை' என்ற வாசகத்தோடு. வெளியேறுகிறார்கள், ஆயிரக்கணக்கில், அவசர அவசரமாக. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இந்த ஹேக்கிங்கைப் பார்த்துச் சிரிக்கலாம். திரைக்கதையாகப் பார்த்தால் மிகச் சுத்தமான வேலை: பார்வையாளர் எண்ணிக்கை என்ற அந்த ஒரே எண்ணால்தான் ஆட்டம் நடந்தது, அந்த எண் சுழியத்தை நோக்கி இறங்குவதுதான் உச்சக்காட்சி. வில்லனும் வேண்டியிருக்கவில்லை. 'கன்ஸ் அகிம்போ'வில் ஸ்கிஸத்தை நடத்தும் ரிக்டர் (நெட் டென்னஹி நடித்தது) போன்ற ஒரு முகத்தைக் கொண்டுவந்து வைக்கும் படங்கள் தப்பிக்கும் வழியையும் கூடவே கொடுத்துவிடுகின்றன. அவனைக் கொன்றால் எல்லாம் முடிந்துவிடும், பார்த்துக்கொண்டிருந்த பல லட்சம் பேர் தளத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

ஸ்டீபன் கிங் வேறு பெயரில் 1982-இல் வெளியிட்ட 'தி ரன்னிங் மேன்' நாவலின் கதை நடப்பது 2025-இல். ஓடுகிறவரைக் காட்டிக்கொடுக்கும் பொதுமக்களுக்கு அதில் பணம் உண்டு. 1987 படம் அதை விட்டுவிட்டு மல்யுத்த மேடைபோல வில்லன்களை வரிசையாக நிறுத்தியது. 2025-இல் எட்கர் ரைட்டே அதை மீண்டும் எடுத்தபோது 30 நாள் ஓட்டமும் காட்டிக்கொடுக்கும் பொதுமக்களும் திரும்ப வந்தார்கள்.

வியாபாரக் கணக்கில் இந்த வகை அடி வாங்கியதே அதிகம். 'ஸ்காட் பில்கிரிம்' செலவழித்ததைத் திரையரங்கில் திரும்ப எடுக்கவில்லை, பிறகு வீட்டுத் திரைகளில்தான் ரசிகர்களைச் சேர்த்தது. 'ஹார்ட்கோர் ஹென்றி'யைத் திரைப்பட விழாவில் ஒரு கோடி டாலருக்கு வாங்கினார்கள், உலக வசூல் இரண்டு கோடியைக்கூடத் தொடவில்லை. 'கன்ஸ் அகிம்போ' அமெரிக்காவில் வெளியானது 2020 பிப்ரவரி 28 அன்று. மூன்று வாரத்தில் அங்கே தியேட்டர்கள் கொரோனாவால் மூடப்பட்டன. 'நெர்வ்' மட்டும் சுமார் 2 கோடி டாலரில் எடுக்கப்பட்டு 8 கோடிக்கு மேல் வசூலித்தது. அதன் அமெரிக்கத் தணிக்கைச் சான்று பிஜி-13, அதாவது அந்தச் செயலியை உண்மையில் பயன்படுத்தக்கூடிய வயதுப் பிள்ளைகள் தாங்களே டிக்கெட் எடுத்து உள்ளே போக முடிந்தது. 'கேமர்', 'ஹென்றி', 'அகிம்போ' மூன்றும் 'ஆர்' சான்று பெற்றவை. 17 வயது நிரம்பாதவர் பெரியவர் துணையில்லாமல் போக முடியாது. 'கேமர்' படத்தில் நாயகனை இயக்கும் பையனுக்கு வயது 17. அவனைவிட ஒரு வயது சின்ன நண்பன் ஒருவன் இருந்தால், அந்தப் படத்துக்கு அவன் அப்பாவைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.